ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குள் எத்தனை பேருடைய ஆராய்ச்சி இருக்கிறது?

(எபிசோடின் ஒலிவடிவத்தை எழுத்துக்கு மாற்றி, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்குச் சொந்த ஊர் திருநள்ளாறு. பெயரைச் சொன்னதுமே எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "சனீஸ்வரன் கோயில்தானே? உனக்கு ஏழரை பிடிக்காதா?" எங்க அப்பா கோயில் பக்கத்தில் எள் தீபம், நல்லெண்ணெய் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைதான் எங்களுக்குத் தீபாவளி. சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் வரும். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நடந்துபோகிற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

இப்போது பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் பிஎச்.டி. பண்ணுகிறேன். என்ன ஆராய்ச்சி? மீன் குடல். ஜிலேபிக் கெண்டை தெரியும் இல்லையா? எங்க ஊர் வாய்க்காலிலும் இருக்கும், அரசலாறு கடலில் சேர்கிற இடத்தில் உப்புத் தண்ணியிலும் இருக்கும். நல்ல தண்ணியிலிருந்து உப்புத் தண்ணிக்குப் போகும்போது அதன் குடல் செல்கள் உப்பையும் தண்ணீரையும் எப்படிக் கையாளுகின்றன என்பதுதான் என் கேள்வி.

இதை அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிம்மா. இது எந்த வியாதிக்கு மருந்து?" என்றார்.

"எந்த வியாதிக்கும் இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு கவர்மெண்ட்டு உனக்கு மாசாமாசம் பணம் குடுக்குது?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் அப்போது நல்ல பதில் இல்லை. "அடிப்படை ஆராய்ச்சி முக்கியம்பா" என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய எபிசோடு. பதிலை நான் லேபில் கண்டுபிடிக்கவில்லை. எங்க வீட்டுத் திண்ணையில்தான் கிடைத்தது.

2022 ஜூலை

2022 ஜூலை மாதம். காரைக்கால் மாவட்டத்தில் நிறைய பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். பரிசோதனையில் சிலருக்குக் காலரா என்று உறுதியானது. ஜூலை 3ஆம் தேதி புதுச்சேரி அரசு காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓட்டல்களில் காய்ச்சிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று செய்திகள் வந்தன.

காலரா! சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற நமக்கு அது வரலாற்றுப் புத்தகத்து வியாதி. ஆனால் நான் அப்போது லீவில் ஊரில் இருந்தேன். என் அக்கா மகனுக்கு ஆறு வயது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்குள் பையன் துவண்டுவிட்டான். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே திரும்பாமல் மெதுவாகத்தான் திரும்பியது. அழுதான், கண்ணீர் வரவில்லை.

அது காலராதானா, வேறு வயிற்றுப்போக்கா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினோம். எடுத்த நர்ஸ் அக்கா, "கிளம்பி வாங்க. ஆனா வண்டி வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. வீட்டுல ஓ.ஆர்.எஸ். இருக்கா? ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில முழு பாக்கெட்டையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி குடுங்க" என்றார்.

பாக்கெட் இருந்தது. நான் கலந்தேன். ஸ்பூனைக் கையில் எடுத்தது அப்பாயி.

அப்பாயிக்கு அப்போது எண்பத்தாறு வயது. பேத்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு ஸ்பூன், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு ஸ்பூன் என்று கொடுத்துக்கொண்டே இருந்தது. வண்டி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படியே குடுத்துக்கிட்டு இருங்க, டிரிப்ஸ் இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். காலை ஒன்பது மணிக்குப் பையன் ஒன்னுக்குப் போனான். அது நல்ல அறிகுறி. உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அக்கா அழுதாள். அப்பாயி அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் என்னிடம் சொன்னது:

"ஏ புள்ள, என் தம்பி ஒருத்தன் இருந்தான், தெரியுமா? பிரெஞ்சுக்காரன் காலத்துல. வாந்திபேதி வந்துச்சு. 'தண்ணி, தண்ணி'ன்னு ராவெல்லாம் கத்துனான். தண்ணி குடுத்தா பேதி சாஸ்தியாவும்னு யாரும் குடுக்கல. எனக்குப் பத்து வயசு. நான் சொம்பு எடுத்துட்டுப் போனேன். அடிச்சுப் புடுங்கிட்டாங்க."

அப்புறம், "குடுத்திருக்கலாம் போலருக்கே" என்றது.

நான் குடலில் உப்பும் தண்ணீரும் எப்படி நகர்கிறது என்று படிக்கிறவள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் சொல்ல முடியவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

வெறும் தண்ணீர் போதாது

காலராவில் சாவது கிருமியால் நேரடியாக அல்ல. தண்ணீர் இழப்பால். கடுமையான காலராவில் ஒரு பெரிய ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூடப் போகலாம். தண்ணீரோடு உப்பும் போகிறது. ரத்தம் கெட்டியாகி, நாடி விழுந்து, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சிகிச்சை கிடைக்காவிட்டால் கடுமையான நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். சரியான சிகிச்சை இருந்தால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், பாருங்கள்.

சரி, தண்ணீர் போகிறது என்றால் தண்ணீர் கொடுத்தால் போதுமே? போதாது. குடல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளாது. உப்புத் தண்ணீர் கொடுத்தால்? அதுவும் பெரிதாக உதவாது. வந்த வேகத்தில் வெளியே போகும். அப்பாயி வீட்டில் பெரியவர்கள் "தண்ணி குடுத்தா பேதி சாஸ்தியாவும்" என்று சொன்னது குரூரத்தால் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். அந்தக் காலத்தில் டாக்டர்களிலேயே பல பேர், குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். ரத்தக்குழாய் வழியாக சலைன் ஏற்றினால் பிழைக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால் அதற்கு ஊசி வேண்டும், சுத்தமான சலைன் வேண்டும், ஆள் வேண்டும். திருநள்ளாற்றில் ஒரு ராத்திரி நேரத்தில் அதெல்லாம் எங்கே இருந்தது?

அப்போ என்ன மாறியது? இரண்டு கண்டுபிடிப்புகள். இரண்டுமே "காலராவுக்கு மருந்து கண்டுபிடி" என்று யாரும் உத்தரவு போட்டு வந்தவை அல்ல.

கல்கத்தாவில் ஒரு முயல்

முதல் ஆள் சம்பு நாத் டே. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்தவர். கல்கத்தாவில் நோய்க்கூறியல் பேராசிரியர்.

1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஒரு குளத்துத் தண்ணீரில்கூட அதைக் கண்டுபிடித்தார். குளத்தங்கரை ஊர்க்காரியான எனக்கு அந்தத் தகவலைப் படித்தபோது கொஞ்சம் திக்கென்று இருந்தது. இந்தக் கிருமி ஏதோ ஒரு விஷத்தை வெளிவிட வேண்டும் என்றும் காக் சொன்னார். அதற்குப் பிறகு எழுபது வருடத்துக்கு மேல் பலரும் அந்த விஷத்தைத் தேடினார்கள். கிருமியை விலங்குகளின் ரத்தத்தில் ஏற்றினார்கள், வயிற்று உறைக்குள் செலுத்தினார்கள். விலங்கு செத்தது. ஆனால் காலரா மாதிரி பேதி வரவில்லை.

டே கேட்டது ரொம்ப எளிய கேள்வி. நோய் குடலில் நடக்கிறது. அப்போ குடலுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் என்ன? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். அடுத்த நாள் பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் பலூன் மாதிரி உப்பி, காலரா பேதி போன்ற திரவத்தால் நிரம்பியிருந்தது. இது 1953. அடுத்து, கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. ஆக, வேலை செய்வது கிருமி வெளியிடும் நச்சு. 1959இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது.

பிரமாண்டமான கருவி எதுவும் இல்லை. ஒரு முயல், நூல், வடிகட்டி, ஒரு நல்ல கேள்வி. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டே பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985இல் டே இறந்தபோது நம் நாட்டிலேயே பெரும்பாலானவர்களுக்கு அவரைத் தெரியாது. சி.வி. ராமன் பெயரைச் சொல்கிற நாம் டே பெயரைச் சொல்வதில்லை. இன்றைக்கு நீங்களாவது இன்னொருத்தரிடம் சொல்லுங்கள்.

டே கண்டுபிடித்ததன் முக்கியத்துவம் என்ன? அந்த நச்சு குடல் சுவரை அரித்துச் சிதைப்பதில்லை என்று அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. அது செல்லுக்குள் நுழைந்து ஒரு சுவிட்சை ஆன் பண்ணி விட்டுவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது. பின்னாலேயே சோடியம். சோடியத்தின் பின்னாலேயே தண்ணீர். ஒரு குழாய் திறந்தே கிடக்கிறது, அவ்வளவுதான். வீடு இடியவில்லை.

ஹாம்ஸ்டரின் குடலும் சர்க்கரையும்

வீடு இடியவில்லை என்றால் மற்ற கதவுகள் இன்னும் வேலை செய்யும். அந்தக் கதவைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். அவருக்குக் காலராவில் எந்த அக்கறையும் இல்லை. அவருடைய கேள்வி: நாம் சாப்பிடுகிற சர்க்கரை குடல் செல்லுக்குள் எப்படிப் போகிறது? குளுக்கோஸ் செல்லுக்குள் ஏற்கெனவே அதிகமாக இருந்தாலும் இன்னும் உள்ளே போகிறதே, யார் தள்ளுகிறார்கள்?

ஹாம்ஸ்டரின் குடலை வைத்து வேலை செய்தார். 1960 ஆகஸ்டில் பிராக் நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் தன் யோசனையை முன்வைத்தார். குளுக்கோஸ் தனியாகப் போவதில்லை, சோடியத்தோடு சேர்ந்துதான் போகிறது. சோடியம் உள்ளே விழுகிற வேகத்தில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது.

பைக்கில் டபுள்ஸ் போகிற மாதிரி என்று வையுங்கள். ஆனால் இந்த வண்டி ஒரே ஆளோடு கிளம்பவே கிளம்பாது. சோடியமும் ஏற வேண்டும், குளுக்கோஸும் ஏற வேண்டும். இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த வண்டிக்கு இன்று எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர். அதன் மரபணுவை 1987இல்தான் பிரித்தெடுத்தார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காலரா நச்சு ஒரு குழாயைத் திறந்துவிட்டது, ஆனால் இந்த வண்டியை அது தொடவில்லை. அப்போ உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவில் சேர்த்து வாயில் கொடுத்தால், பேதி போய்க்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உள்ளே ஏறும்!

அப்பாயியின் தம்பிக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? சந்தேகம்தான். அதனால்தான் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியது என்ன என்று அந்த வருடத்தில் உலகத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஒரு சொம்புத் தண்ணீரைவிட, ஒரு சொம்பு அறிவுதான் அன்றைக்கு இல்லாமல் போனது.

"உப்பும் சர்க்கரையும்தானே?"

சில பேர் கேட்பீர்கள்: இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நம்ம பாட்டிங்க கஞ்சியில உப்பு போட்டுக் குடுத்தாங்களே?

கொடுத்தார்கள். கஞ்சி வேலையும் செய்யும். அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது. ஆனால் அதே பாட்டிகள்தான் சில வீடுகளில் தண்ணீரையே தடுத்தார்கள். இரண்டு வழக்கமும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் இருந்தன. எது சரி என்று எப்படிப் பிரிப்பது? அங்கேதான் செயல்முறை தெரிய வேண்டியிருக்கிறது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம். 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் ஒரு அமெரிக்க மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்து வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். முதலில் நம்பிக்கையாக இருந்தது. அடுத்த சோதனையில் கலவை அளவுக்கு மீறிச் செறிவாக இருந்தது, சில நோயாளிகள் இறந்தார்கள். அதே உப்பு, அதே சர்க்கரை! பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் வேலை செய்த குழுக்கள், எவ்வளவு போகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து அளந்து சரியான கலவைக்கு வந்தார்கள். 1968இல் டாக்கா ஆய்வு 'லான்செட்' இதழில் வெளியானது.

அப்புறம் 1971. வங்கதேசப் போர். கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். எல்லையோர போங்கான் முகாமில் காலரா. அங்கே போன டாக்டர் திலீப் மஹலானபிஸிடம் இருந்த சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அவர் ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. டிரம்மில் கலந்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். அம்மா, அண்ணன், பக்கத்துப் படுக்கைக்காரர், யாராக இருந்தாலும் சரி. முகாமில் 30 சதவீதமாக இருந்த இறப்பு, இந்தக் கரைசல் பெற்றவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

எங்க அப்பாயி ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே, அது போங்கானில் ஆரம்பித்தது. மஹலானபிஸ் 2022 அக்டோபரில் காலமானார், காரைக்காலில் அந்த அவசரநிலை வந்த அதே வருடம். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இன்று உங்கள் மருந்துக் கடையில் கிடைக்கிற உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். மோல் கணக்கில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றுக்கு ஒன்று. ஹாம்ஸ்டர் குடலில் பார்த்த அந்த டபுள்ஸ் கணக்கு அந்தப் பாக்கெட்டின் முதுகில் அச்சாகியிருக்கிறது.

இது உங்களுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கடையில் டெட்ரா பாக்கெட்டில் பழ வாசனையோடு "ஓ.ஆர்.எஸ்." என்று பெயர் போட்ட பானங்களைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் சர்க்கரை தேவையைவிட மிக அதிகம். அதிகச் சர்க்கரை என்ன பண்ணும்? உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல வருடம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அப்படிப்பட்ட பானங்களின் லேபிளில் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. 1960இல் யாரோ ஹாம்ஸ்டரை வைத்துக் கேட்ட கேள்வி, 2025இல் ஒரு லேபிள் சண்டையில் சாட்சி சொல்கிறது.

அப்பாவின் மாத்திரை டப்பா

கதை இதோடு முடியவில்லை. எங்க அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருடைய மாத்திரை டப்பாவில் ஒன்று, டாபாகிளிஃப்ளோசின். உங்கள் வீட்டிலும் யாராவது சாப்பிடலாம். "ஃப்ளோசின்" என்று முடிகிற மாத்திரைகள்.

ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளை 1835இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று 1880களில் கண்டுகொண்டார்கள். எதற்குப் பயன்படும் என்று தெரியாது. ஆய்வகத்தில் ஒரு கருவியாக மட்டும் இருந்தது. கிரேன் போன்றவர்கள் குடலில் சர்க்கரை போவதை நிறுத்திப் பார்க்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஏன் என்றால் அது அந்த டபுள்ஸ் வண்டியை மறித்துவிடும்.

சிறுநீரகத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டி இருக்கிறது, எஸ்.ஜி.எல்.டி.2. தினமும் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது. அதில் பெரும்பகுதியை இதுதான் ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பிறவியிலேயே இந்த வண்டி ஓடாத சில குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை போகும், ஆனால் பெரிய தொந்தரவு எதுவும் இருக்காது. அப்போ சர்க்கரை நோயாளிக்கு இதை வேண்டுமென்றே நிறுத்தினால்? ஃப்ளோரிசினை அப்படியே கொடுக்க முடியாது. அது குடல் வண்டியையும் மறித்துப் பேதியை உண்டாக்கும். எஸ்.ஜி.எல்.டி.2ஐ மட்டும் மறிக்கிற மாதிரி வேதியியலாளர்கள் மாற்றி அமைத்ததுதான் டாபாகிளிஃப்ளோசின். 2012இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. இதயச் செயலிழப்பிலும் சிறுநீரக நோயிலும் உதவுகிறது என்பது பிறகு வந்த போனஸ்.

ஒரே புரதக் குடும்பம். குடலில் அதை ஓட வைத்தால் காலராவிலிருந்து பிழைக்கலாம். சிறுநீரகத்தில் அதை நிறுத்தினால் சர்க்கரை குறையும். 1960இல் இதை யாராவது திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால், "ரொம்பத்தான் கற்பனை" என்று கிழித்துப் போட்டிருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எல்லா அடிப்படை ஆராய்ச்சியும் ஒரு நாள் மருந்தாகும்" என்று நினைத்துவிடாதீர்கள். ஆகாது. பெரும்பாலானவை ஆகாது. என் ஜிலேபிக் கெண்டையும் ஒருவேளை எதற்கும் உதவாமல் போகலாம். எது உதவும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை மட்டும் செய்யலாமே? தெரியாது என்பதுதான் பிரச்சினையே. அதனால்தான் பல பேர் பல கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுகிறது. அதிலும் "உடனே பலன் காட்டு" என்றால், டேயின் முயலுக்கு இடமே இருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1971லேயே கரைசல் தெரியும். குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால் காலரா வரும் என்று 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ காட்டிவிட்டார். பிறகும் 2022இல் எங்க மாவட்டத்துக்கு வந்ததே? அது அறிவு இல்லாததால் வந்தது இல்லை. குழாய் சரியில்லாததால் வந்தது. ஆராய்ச்சி, குழாயை ரிப்பேர் பண்ணாது. அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். விஞ்ஞானத்தைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து யாரும் தப்பித்துவிடக் கூடாது.

கடைசியாக

போன சனிக்கிழமை கடையில் கூட்டம். நடுவில் அப்பா போன் பண்ணினார். பின்னால் யாரோ எள் தீபம் கேட்கிற சத்தம்.

"ஏம்மா, உன் மீனு என்னாச்சு? ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் தெரியலப்பா."

"சரி, பாரு. அவசரமில்ல."

இவ்வளவுதான் சொன்னார். எந்த வியாதிக்கு மருந்து என்று இந்த முறை கேட்கவில்லை.

நீங்கள் இந்த எபிசோடுக்குப் பிறகு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ரெண்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும், பாதிப் பாதியாகக் கண்ணளவில் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். குழந்தை துவண்டு போனால், எதையும் குடிக்க முடியாமல் போனால், பேதியில் ரத்தம் வந்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலும் ஸ்பூனைக் கீழே வைக்காதீர்கள்.